ஆஸ்டினும் அதை ஓட்டுபவளும்

கறுப்புக் காரைப் படம் பிடிப்பது இவ்வளவு பெரிய வேலை என்று முன்னமே தெரிந்திருந்தால், வேறு கார் பார்த்துக்கொள்ளம்மா என்று மாதவியிடம் அன்றைக்கே சொல்லியிருப்பேன். இல்லை, சொல்லியிருக்க மாட்டேன். பொய் எதற்கு? அவள் முதல்முதலாகக் கூப்பிட்ட அன்று போனை வைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் போர்ச்சில் போய்க் காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றரை வருடத்தில் எங்களைத் தேடி வந்த முதல் கல்யாணம் அது.

எங்களை என்றால் என்னையும் ஆஸ்டினையும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருடத்து ஆஸ்டின் கேம்பிரிட்ஜ். என் வீட்டுக்காரர் பழனியப்பன் அதைக் கல்யாணப் பெண் காராக ஓட்டிக்கொண்டிருந்தார். கிள்ளானில் 'பழனியப்பன் கார்' என்றால் தெரியாதவர்கள் குறைவு. வெள்ளைச் சீருடை, வெள்ளைத் தொப்பி, போதாததற்கு ஒரு மீசை. கடைசி இரண்டு வருடம் சர்க்கரை நோய் அவர் காலைப் பிடித்துக்கொண்டபோது நான்தான் ஓட்டினேன். அவர் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் கையாட்டிக்கொண்டிருப்பார். அப்போது யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "பொம்பள டிரைவரா, சூப்பர் லா அக்கா" என்று என்னோடு நின்று படம்கூட எடுத்துக்கொண்டார்கள்.

அவர் போனதும் போன் அடிப்பதும் நின்றது. பேசி வைத்திருந்த கல்யாணங்களும் ஒவ்வொன்றாக நழுவின. தேதி மாறிவிட்டது என்றார்கள். மாப்பிள்ளை வீட்டில் வேறு கார் சொல்லிவிட்டார்கள் என்றார்கள். தாலி அறுத்தவள் ஓட்டும் காரில் எங்கள் பெண்ணை எப்படி ஏற்றுவது என்று ஒருத்தியாவது முகத்துக்கு நேராகக் கேட்டிருந்தால் நன்றாக நாலு வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். ஒருத்தியும் கேட்கவில்லை. எல்லாரும் மரியாதையாகவே விலகிப் போனார்கள்.

வாடகை எனக்குப் பெரிதில்லை. அவருடைய பென்ஷன் வருகிறது, ஒருத்திக்கு எவ்வளவு செலவு? எனக்கு வேண்டியது வேறு. ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார வேண்டும். பின்சீட்டில் பட்டுச்சேலை சரசரக்க வேண்டும். அம்மாக்காரி மகளைப் பார்த்து, "அழாதடி, மை கலஞ்சிரும்" என்று அதட்ட வேண்டும். இந்த வீட்டில் டிவியைத் தவிர வேறு யாரும் பேசுவதில்லை. தனியாக இருந்து இருந்து, போன மாதம் தொலைபேசி விளம்பரக்காரனிடம் அரைமணி நேரம் பேசியிருக்கிறேன். அவனே பயந்துபோய் வைத்துவிட்டான்.

மாதவி சுபாங் ஜெயாக்காரி. அவள் மகள் விஷ்ணுப்ரியா எந்தத் தோழியின் கல்யாணப் படத்திலோ ஆஸ்டினைப் பார்த்துவிட்டு, இந்தக் கார்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாளாம். பழனியப்பன் இறந்தது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வாடகைக்கு ஒத்துக்கொண்டார்கள், தேதி சொன்னார்கள், எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலையில் அவளிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது.

"அக்கா, எங்கண்ணன் ஒரு படம் கேக்குறாரு. காரும் டிரைவரும் சேர்ந்து இருக்கணுமாம். போன தடவ எங்க சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்கு டிரைவரு முட்டி தெரிய அரைக்கால் சிலுவாரோட வந்து நின்னுட்டான், பெரிய சண்டையாயிருச்சு. அதான். இன்னிக்குள்ள அனுப்பிருங்கக்கா, அண்ணன் முடிவு பண்ணணும்னு சொல்றாரு."

எதற்கெடுத்தாலும் அண்ணன். இவளுக்கென்று ஒரு வாய் கிடையாதா என்று எரிச்சலாக வந்தது. ஆனால் என் கவலை அதுவல்ல. என்னிடம் இருக்கும் படம் எல்லாவற்றிலும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவர்தான் இருந்தார். இனிமேல் எடுக்கும் படத்தில் இருக்க வேண்டியது நான். வெறும் நெற்றியோடு நான்.

சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் ரிஷிக்குப் போன் போட்டேன். அவன் அங்கிருந்தே தேடி ஒரு படக்காரியைப் பிடித்து அனுப்பிவைத்தான். மகன்கள் இப்போதெல்லாம் எதை வேண்டுமானாலும் அனுப்பிவிடுகிறார்கள், தங்களைத் தவிர.

சிந்துஜா என்று பெயர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒட்ட வெட்டிய முடி, கறுப்புச் சட்டை. பாட்டன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். பழைய கார் விற்கும் கடைகளுக்குப் படம் எடுப்பதுதான் அவள் தொழில். மழை வலுப்பதற்குள் சாமான்களை இறக்கிவிட்டு, போர்ச்சை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆன்டி, காரு கறுப்புன்னு ரிஷி சொல்லவே இல்லையே."

"ஏன், கறுப்புன்னா உன் கேமராவுக்கு ஆகாதா?"

"வெளிய எடுத்துருங்க ஆன்டி. மழை விட்டதும் ரோட்ல வெச்சு எடுத்துடலாம்."

"கார்புரேட்டர் காப்பார்ல பட்டறையில கெடக்கும்மா. வர்ற வாரந்தான் வரும். ஓடாது."

"தள்ளிப் பாக்கலாமா?"

என் வீட்டுப் போர்ச் சாலையை நோக்கிச் சரிவாக இறங்கும். காரை இறக்கிவிடுவது ஒன்றும் பெரிதில்லை. திரும்ப மேலே ஏற்ற நாலு பேர் வேண்டும். இடப்பக்கத்து வீட்டில் நேப்பாளத்துப் பையன்கள், தொழிற்சாலைக்குப் போயிருந்தார்கள். வலப்பக்கத்துச் சீனர் குடும்பம் பினாங்குக்குப் போயிருந்தது. யோசித்துப் பார்த்தேன். இந்த ஊரில் முப்பது வருடம் இருந்தும், அவசரத்துக்குக் கூப்பிட எனக்கு நாலு பேர் இல்லை. அது அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது, அதனால் அவளிடம் கொஞ்சம் கடுப்பாகவே, "தள்ள முடியாது, இங்கயே எடு" என்றேன்.

முதலில் பக்கத்தில் நின்றே எடுத்துப் பார்த்தாள். கேமராவின் சின்னத் திரையில் காட்டினாள். ஆஸ்டினின் மூக்கு உப்பி, இரண்டு பக்கமும் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்ட கன்னம் மாதிரி இருந்தது.

"என் வண்டிக்கு இப்படி மூஞ்சி கெடையாதும்மா. பல்லு வலிக்காரன் மாதிரி இருக்கு."

"கிட்ட நின்னு எடுத்தா அப்படித்தான் ஆன்டி வரும். தள்ளிப் போகணும். எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம்."

"எங்க போறது? பின்னால ஹாலு, அதுக்குப் பின்னால குசினி, அதுக்குப் பின்னால சாக்கடை."

"குசினி போதும்" என்றாள்.

நல்லவேளையாக அவர் எப்போதும் காரின் முகம் வீட்டைப் பார்த்திருக்கும்படிதான் நிறுத்துவார். ஹாலின் கண்ணாடிக் கதவை இழுத்துத் திறந்து, ஒரு கதவைத் தூக்கிக் கழற்றியே வைத்துவிட்டோம். சோபாவைச் சுவரோரம் தள்ளினோம். சாப்பாட்டு மேசையைப் படுக்கையறை வாசலில் சொருகினோம். முக்காலியைக் கொண்டுபோய்க் குசினியில், அடுப்புக்கு முதுகைக் கொடுத்து நிறுத்தினாள். அங்கிருந்து நீளமான லென்ஸ் வைத்துப் பார்த்தபோது ஹாலைத் தாண்டி ஆஸ்டின் அதன் சொந்த முகத்தோடு தெரிந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்த தொல்லை அதன் பிறகு ஆரம்பித்தது. பானட்டில் என் வீடு முழுக்கத் தெரிந்தது. சோபா, காலண்டர், காற்றாடி, துவைக்கும் இயந்திரம், கொடியில் காயும் என் நைட்டி. அதற்கு நடுவில் வளைந்து நெளிந்து நாங்கள் இரண்டு பேர்.

"கறுப்புக் காரு கண்ணாடி மாதிரி ஆன்டி. நம்ம காரப் பிடிக்கல, அதுல தெரியறத எல்லாம் பிடிக்கிறோம். அதனால எதுவும் தெரியக்கூடாது. மொத்தமா இருட்டாக்கிட்டு, நான் குடுக்குற வெளிச்சம் மட்டும் படணும்."

போர்ச்சின் கிரில்லில் வீட்டிலிருந்த போர்வை, படுக்கைவிரிப்பு எல்லாவற்றையும் கட்டித் தொங்கவிட்டோம். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. விளக்குகளை அணைத்தேன். பட்டப்பகலில் வீடு கும்மிருட்டானது. குசினியிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஆன்டி, பானட்ல ஒரு செவப்புப் புள்ளி இருக்கு. எதோ லைட் அணைக்கல."

எது என்று எனக்குத் தெரியும். டிவிக்கு மேலே அவர் படம், மாலை போட்டு. அதன் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்ப். அவரை எடுத்துப்போன நாளிலிருந்து அது இரவும் பகலும் எரிகிறது. கரண்ட் போனால்கூட ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைப்பேன்.

"அத அணைக்கணுமாம்மா?"

அவள் எழுந்து வந்து பார்த்தாள். பார்த்ததும் குரல் தாழ்ந்துவிட்டது. "சோரி ஆன்டி. எரியட்டும். நான் அப்புறம் கம்ப்யூட்டர்ல அழிச்சுடுறேன்."

அழித்துவிடுகிறேன் என்று அவள் சொன்ன சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், இருந்தாலும் பிடிக்கவில்லை. யாரோ எங்கேயோ உட்கார்ந்து அவரை அழிப்பதைவிட நானே என் கையால் அணைப்பது மேல். சுவிட்சைத் தட்டினேன். ஹாலில் ஒன்றுமே தெரியவில்லை. அழுகை வந்தது. இருட்டில் யாருக்குத் தெரியப் போகிறது என்று கொஞ்ச நேரம் அழுதேன். மூக்கை உறிஞ்சிய சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டிருக்கும்.

பிறகு என் கையில் நீளமான ஒரு விளக்குக் கோலைக் கொடுத்தாள். டியூப்லைட்டை உருவி எடுத்த மாதிரி இருந்தது. அவள் குசினியில் கேமராவின் கண்ணைத் திறந்து வைப்பாள். நான் கோலைப் பிடித்துக்கொண்டு காரின் தலைக்கு மேலே, ஓரமாக, ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். வெளிச்சம் தடவிய இடமெல்லாம் படத்தில் பதியும். கூரைக்கு ஒரு நடை, பானட்டுக்கு ஒரு நடை, இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு நடை. எல்லாவற்றையும் பிறகு ஒன்றாகச் சேர்ப்பாள்.

"நிக்கவே கூடாது ஆன்டி. நடந்துகிட்டே இருங்க. நின்னீங்கன்னா படத்துல விழுந்துடுவீங்க."

கறுப்பில் என்னிடம் பாஜு குரோங் என்ற பழைய மலாய் அங்கி ஒன்றுதான் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு நடந்தேன். முதல் தடவை என் நரைமுடி காரின் மேல் ஒரு புகை மாதிரி மிதந்தது. "அலாமாக், தல தெரியுது ஆன்டி" என்றாள். கறுப்புத் துண்டைக் கட்டிக்கொண்டேன். அடுத்த தடவை செருப்பில் இருந்த பாசிமணி மின்னியது. கழற்றி எறிந்தேன். வலப்பக்கம் சுவருக்கும் காருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் இடம்தான் உண்டு, அதிலும் துவைக்கும் இயந்திரம் வேறு. வயிற்றை எக்கிக்கொண்டு, கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி நடந்தேன். பாதியில் சோப்புப்பொடி டின் உருண்டது. நான் போட்ட கெட்ட வார்த்தைக்கு இருட்டுக்குள்ளிருந்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்து எவ்வளவு காலம் ஆகிறது என்று நினைத்தேன், நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒருவழியாக எல்லாவற்றையும் சேர்த்து மடிக்கணினியில் காட்டினாள். என்னத்தைச் சொல்ல! கன்னங்கரேலென்று இருட்டு, அதிலிருந்து ஆஸ்டின் மட்டும் எழுந்து வந்து நின்றது. கூரையின் வளைவில் ஒரு வெள்ளைக் கோடு, பானட்டில் ஒன்று, பம்பர் பளபளவென்று. துவைக்கும் இயந்திரமும் இல்லை, நைட்டியும் இல்லை, என் வீடே இல்லை.

"நான் எங்க?" என்று கேட்டேன். பைத்தியக்காரத்தனமான கேள்விதான்.

"அதான் ஆன்டி டெக்னிக்கு. அசைஞ்சுகிட்டே இருக்கிற ஆள கேமராவுக்குத் தெரியாது."

"இவ்வளவு நேரம் நான்தானே அங்க நடந்தேன்."

"ஆமா ஆன்டி. உங்களாலதான் வெளிச்சம். ஆனா நீங்க இல்ல."

அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். எனக்குப் பெருமையாக இல்லை. நன்றாகத்தான் இருந்தது படம், ஆனால் யாரும் இல்லாத வண்டியைப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"டிரைவர் எப்ப வருவாரு ஆன்டி? அவருக்கு ஒரு ஷாட் எடுக்கணுமே."

"வந்தாச்சு."

"எங்க?"

"உனக்கு முன்னாலதான் நிக்கிறேன்."

அவள் கண் விரிந்தது. "செம்ம ஆன்டி! கல்யாணக் கார நீங்களா ஓட்டுறீங்க?"

"ஓட்டுவேன், விட்டா. புருஷன் செத்தவ கல்யாணப் பொண்ணு கார ஓட்டுனா ஒத்துக்குவாங்களா?"

"இந்தக் காலத்துல யாரு ஆன்டி அதெல்லாம் பாக்குறா?"

"எல்லாரும்தான் பாக்குறாங்க. வெளிய சொல்றதில்ல, அவ்வளவுதான்."

அவள் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் அறைக்குள் போய் வெள்ளைச் சீருடையைப் போட்டுக்கொண்டேன். ஓட்ட ஆரம்பித்த புதிதில் எனக்கென்று தைத்தது. இடுப்பில் கொஞ்சம் இறுக்கியது. கண்ணாடி முன்னால் நின்றேன். இழுப்பறையில் ஒட்டுப்பொட்டு அட்டை இன்னும் இருந்தது, தூக்கி எறிய மனம் வராமல் வைத்திருந்தேன். சிவப்பில் ஒன்றை எடுத்து ஒட்டினேன். எடுத்தேன். திரும்ப ஒட்டினேன். ஒட்டியபடியே வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்தேன்.

இந்தத் தடவை அவள் நடந்தாள், நான் அசையாமல் இருந்தேன். "மூச்சு விடலாம் ஆன்டி, கண்ணையும் சிமிட்டலாம். தலைய மட்டும் ஆட்டாதீங்க." வெளிச்சக் கோல் முன்கண்ணாடிக்கு மேலே மெதுவாகப் போனது. இருட்டில் அவள் கால் தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்திருந்தேன்.

படத்தில் நான் இருந்தேன். பொட்டோடு, பழைய சந்திரகலாவாக. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த ஆசையின் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அவர் உயிரோடு இருப்பதாக யாரை ஏமாற்றப் போகிறேன்?

"இன்னொன்னு எடும்மா."

"இதுவே நல்லா இருக்கு ஆன்டி. ஆடல, ஒன்னும் பண்ணல."

"எடுன்னா எடேன்."

பொட்டைப் பிய்த்துச் சீருடைப் பைக்குள் போட்டேன். அவள் பார்த்தாள். மறுபடியும் விளக்கை அணைத்து, மறுபடியும் நடந்தாள். இரண்டாவது படத்தில் இருந்தவளுக்கு என் வயது தெரிந்தது. நெற்றி அகலமாக, மொட்டையாக. ஆனால் கை மட்டும் ஸ்டியரிங்கை இன்னும் நன்றாகப் பிடித்திருந்தது.

இரண்டு படத்தையும் என் போனுக்கு அனுப்பிவிட்டு அவள் சாமான்களைக் கட்டினாள். ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஜாம் ஆரம்பித்துவிடும் என்று அவசரப்பட்டாள். "சோபாவ தள்ளி வெச்சுட்டுப் போறேன் ஆன்டி" என்றாள். "வேணாம் லா, நான் பாத்துக்குறேன், நீ கெளம்பு" என்று பெரிய இவள் மாதிரிச் சொன்னேன். கேட் சாத்தியதும்தான், இன்னும் ஒரு பத்து நிமிடம் அவளை இருக்கவைத்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது. தேநீர்கூடக் கொடுக்கவில்லை.

அவர் பல்பைப் போட்டேன். போர்வைகளை அவிழ்க்கத் தெம்பில்லை. சுவரோரம் தள்ளிய சோபாவிலேயே உட்கார்ந்து போனை எடுத்தேன். இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

பொட்டு வைத்ததை அனுப்பினால் வேலை முடிந்தது. அண்ணன்காரர் தலையாட்டுவார். அப்புறம்? கல்யாணம் கிள்ளானில். மண்டப வாசலில் நான் கதவைத் திறந்துவிடும்போது, "ஐயோ, இது பழனியப்பன் பொண்டாட்டியாச்சே" என்று ஒரு கிழவி சொன்னால் போதும். அத்தனை பேர் முன்னால் அந்தப் பெண் என் காரிலிருந்து இறங்குவாள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கே உள்ளுக்குள் ஒரு பயம் உண்டு. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒன்று என்றால் நான் ஓட்டினதால்தான் என்று நானே நினைத்துவிடுவேனோ என்று. ஊரைத் திட்டுகிறேனே தவிர, ஊர் எனக்குள்ளேயும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறது.

வெறும் நெற்றியோடு இருந்த படத்தை அனுப்பினேன். கீழே தட்டினேன்: 'டிரைவர் நான்தான். என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். எனக்கு நன்றாக ஓட்டத் தெரியும்.' இரண்டு நீலக் குறி உடனே வந்தது. பதில் வரவில்லை. தேநீர் போட்டுக் குடித்தேன். கோப்பையைக் கழுவினேன். கழுவின கோப்பையை மறுபடியும் கழுவினேன்.

போன் அடித்தது. குரல்பதிவு இல்லை, அவளே.

"அக்கா, படம் பாத்தேன். கார் ரொம்ப அழகா இருக்குக்கா."

"கார் அழகாத்தான் இருக்கும். மத்ததச் சொல்லு."

அந்தப் பக்கம் குக்கர் கத்தி அடங்கியது. "வேற டிரைவர் யாராச்சும் கெடைப்பாங்களாக்கா?"

வரும் என்று தெரிந்த வார்த்தைதான். அப்படியும் நெஞ்சில் வந்து இறங்கியது. அவளைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன்.

"ஏன்? எனக்குக் கை இல்லையா, கண்ணு அவிஞ்சு போச்சா? இந்த வண்டியில எத்தன பொண்ணுங்கள கொண்டுபோய் எறக்கியிருக்கேன், ஒருத்திக்காவது ஒரு கொற வந்துச்சா? அவரு பக்கத்துல உக்காந்திருந்தா நான் நல்லவ, இல்லாட்டி பீடையா? நீயும் ஒரு பொம்பளதானே மாதவி? நாளைக்கி உனக்கும்..."

அதோடு நிறுத்திக்கொண்டேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தச் சாபத்தை முழுதாகச் சொல்லாமல் விட்டது சாமி புண்ணியம்.

"எனக்கு எப்பவோ ஆயிருச்சுக்கா" என்றாள் மாதவி. "ப்ரியா மூணாவது படிக்கறப்பயே."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"தார வாக்குறது அண்ணனும் அண்ணியும்தான். நான் பின்வரிசையில உக்காந்துக்குவேன். யாரும் சொல்லலக்கா, நானாத்தான் சொல்லிட்டேன். அவளுக்கு நாளைக்கி ஒரு தலைவலி வந்தாக்கூட நான் முன்னால நின்னதாலதான்னு எனக்குத் தோணும். பெத்த நானே முன்னுக்கு வரமாட்டேன். உங்கள எப்படிக்கா வரச் சொல்லுவேன்?"

திட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. அது போனதும் உடம்பே காலியான மாதிரி இருந்தது.

"ப்ரியா என்ன சொல்றா?"

"அவ சண்ட போடுறா. சின்னப் புள்ள, அவளுக்கு என்னா தெரியும்."

"சரி விடு" என்றேன். "வேற டிரைவருக்கு நான் வண்டியக் குடுக்க மாட்டேன். நான் இல்லாம அது போவாது. புள்ளைக்கு வேற கார் பாத்துக்க. கோவிச்சுக்கிட்டுச் சொல்லல, நல்லபடியா நடக்கட்டும்."

"அக்கா, மன்னிச்சுக்குங்கக்கா."

"மன்னிக்கறதுக்கு என்னா இருக்கு இதுல."

வைத்துவிடத்தான் போனேன். வைத்தால் வீடு மறுபடியும் அமைதியாகிவிடும். அதற்காகவேதான் கேட்டேனோ என்னவோ, "அன்னிக்கி நீ எப்படி மண்டபத்துக்குப் போவ?" என்றேன்.

"நானா? அவங்கெல்லாம் பொண்ணக் கூட்டிக்கிட்டுக் கெளம்பட்டும். அதுக்கப்புறம் வீட்டப் பூட்டிட்டு கிராப் டாக்சி போட்டு வந்துருவேன்."

"தனியாவா?"

"ஆமாக்கா. எதுக்க வந்துரக் கூடாதில்ல."

மகளின் கல்யாணத்தன்று, எல்லாரும் போன பிறகு, பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, கையில் சாவியோடு கேட்டுக்கு வெளியே நின்று முன்பின் தெரியாத ஒருவனின் காருக்காகக் காத்திருக்கப் போகிறாள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"கிராப்பும் வேணாம் ஒன்னும் வேணாம். நான் வரேன்."

"அக்கா?"

"ஆஸ்டின எடுத்துக்கிட்டு வரேன். பொண்ணு எதுல வேணும்னாலும் போவட்டும். பொண்ணப் பெத்தவள நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"ஐயோ, பாக்குறவங்க என்னக்கா சொல்வாங்க?"

"என்னா சொல்வாங்க? நீ எனக்கு எதுக்க வந்தாலும் சரி, நான் உனக்கு எதுக்க வந்தாலும் சரி, நம்ம ரெண்டு பேருக்கும் இனிமே என்னா ஆவப்போவுது சொல்லு?"

முதலில் அவள் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. அழுது முடிக்கட்டும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். எனக்கென்ன வேலை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருப்பேன்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"இதக் கேக்காத. இது ஒன்ன மட்டும் கேக்காத."

அவள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினாள். பிறகு, "அக்கா" என்றாள்.

"சொல்லு."

"அன்னிக்கி காருக்குப் பூ கட்டுவீங்களா?"

"கட்டாம? கல்யாணத்துக்கு மொட்டையாவா வரும் வண்டி? என்ன பூ வேணும்னு நீயே சொல்லு, கட்டிருவோம்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம், பக்கத்து அறையில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, மிகவும் மெதுவாகச் சொன்னாள்.

"மல்லிகை."